கயிறு கட்டுங்க, ஆனா ரோட்டை மூடுங்க

சென்னையில இருந்து அக்கா மகன் வந்திருந்தான், சம்சாரத்தோட. மூணு நாள் லீவு. ஒரு நாள் பழனி, ரெண்டு நாள் கோடைக்கானல். எங்க ஆயக்குடி வழியா போற முக்கால்வாசிப் பேரோட திட்டமும் இதுதான். முருகனுக்கு ஒரு நாள், குளிருக்கு ரெண்டு நாள்.

கொய்யா காய் எடுப்பு நடந்துக்கிட்டிருந்த நேரம். விடியக்காலை சந்தைக்குப் பெட்டி அனுப்பிட்டு வந்து உட்கார்ந்தா, அம்மா குளிச்சு, புதுச்சேலை கட்டி, திண்ணையில தயாரா இருக்கு. "ரோப்கார்ல கூட்டிட்டுப் போறேன்னு பேரன் சொல்லிருச்சு, நீயும் கிளம்பு"ன்னு உத்தரவு. அம்மாவுக்கு 74 வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு. பழனி மலையடிவாரத்துல இருந்துக்கிட்டே மலைக்குப் போய் ஆறு வருசம் ஆச்சு. கீழே பாத விநாயகரைக் கும்பிட்டு, மேல பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரும்.

தெற்கு கிரிவீதியில வரிசையில நின்னோம். ரெண்டு மணி நேரம் நின்னதுக்கு மூணு நிமிசப் பயணம். பெட்டி தரையை விட்டுக் கிளம்பினதும் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு, என் கையை நகம் பதியப் பிடிச்சுக்கிச்சு. அக்கா மகன் கையை நீட்டிக்கிட்டு, "செம வியூ மாமா, அங்க பாருங்க"ன்னான். மேல இறங்கினப்புறம்தான் அம்மா கண்ணைத் திறந்துச்சு. சுத்திமுத்தியும் பார்த்துட்டுச் சொன்னது இதுதான்: "இத்தனை வருசமா இதை எனக்குக் காட்டாம வச்சிருந்தியேடா."

இதை எதுக்கு முதல்ல சொல்றேன்னா, நான் ரோப்காருக்கு எதிரி இல்லைன்னு உங்களுக்குத் தெரியணும். ஏன்னா இனி எழுதப்போறதைப் படிச்சுட்டு, "கிராமத்தான், எதையும் வேண்டாம்பான்"னு ஒரு கூட்டம் சொல்லும்.

இன்னொரு கூட்டமும் இருக்கு. "693 படி ஏறிப் போனாத்தான் பக்தி, கஷ்டப்படாம கிடைக்கிற தரிசனம் தரிசனமா"ன்னு கேட்கிறவங்க. பெரும்பாலும் முப்பது வயசுக்குள்ள இருப்பாங்க, காலில் நல்ல ஷூ இருக்கும். எங்க அம்மா ஐம்பது வருசம் குனிஞ்சு களை எடுத்திருக்கு, பருத்தி எடுத்திருக்கு, தலைச்சுமையா எரு சுமந்திருக்கு. அந்த முட்டி தேஞ்சது சோம்பேறித்தனத்தால இல்லை. அதுக்குப் படியேறச் சொல்லிப் பாடம் நடத்த யாருக்கும் யோக்கியதை கிடையாது. பழனியில 1966லேயே வின்ச் வந்தாச்சு, 2004ல ரோப்கார் வந்தாச்சு. படியும் அப்படியே இருக்கு, யானைப்பாதையும் அப்படியே இருக்கு. ஏறுறவன் ஏறிக்கிட்டுத்தான் இருக்கான். காவடி எடுக்கிறவன் கயிற்றுல தொங்கிட்டுப் போறதில்லை.

காவடின்னதும் ஒண்ணு சொல்லணும். சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையை ஒரு கம்பின் ரெண்டு முனையிலயும் கட்டித் தோளில தூக்கிட்டு வந்தவன் இடும்பன். அதுதான் முதல் காவடி. ரோப்காரும் அதே கணக்குத்தான். இந்தப் பக்கம் பெட்டி ஏறும்போது அந்தப் பக்கம் பெட்டி இறங்குது, இறங்குற கனம் ஏறுற கனத்துக்குக் கைகொடுக்குது. மேல இருந்து பார்த்தப்ப பக்கத்துல இடும்பன் மலை தெரிஞ்சுது. சிரிப்பு வந்துருச்சு.

சண்டை ஆரம்பிச்சது தரிசனம் முடிஞ்சு பிரகாரத்துல உட்கார்ந்து பஞ்சாமிர்தம் சாப்பிடும்போதுதான்.

தெற்கே மலை முழுசா தெரியுது. கோடைமலை. நடு வயிறு வரைக்கும் நீலம், அதுக்கு மேல மேகம். அக்கா மகன் அதைக் காட்டி, "பழனியில இருந்து கோடைக்கானலுக்கே ரோப்கார் வரப்போகுதாம் மாமா. 12 கிலோமீட்டர்தானாம். அப்புறம் நீங்க நெனச்ச நேரத்துக்கு மேல போயிட்டு வரலாம்"னான்.

செய்தி நானும் படிச்சதுதான். 2022 பட்ஜெட்டுல மத்திய அரசு பர்வத்மாலான்னு ஒரு திட்டம் அறிவிச்சாங்க, நாடு முழுக்க மலைகளுக்குக் கயிறு கட்டுறதுக்கு. அதுல பழனி - கோடைக்கானல் பேரும் அடிபட்டுது. ரோட்டுல போனா 60 கிலோமீட்டருக்கு மேல, வளைஞ்சு வளைஞ்சு மூணு மணி நேரம். கோடைக்கானல்ல குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல நின்னா வானம் தெளிவா இருக்கிற அன்னைக்குப் பழனி மலை கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு பக்கம். அப்புறம் கயிறு கட்டணும்னு ஆசை வராம இருக்குமா?

"நான் எதுக்குடா நெனச்ச நேரத்துக்கு மேல போகணும்?"னேன்.

"ஒரு ரிலாக்ஸ்தான் மாமா."

எனக்கு அந்த மலை ரிலாக்ஸ் இல்லைங்க. அது எங்க மேல்நிலைத் தொட்டி. உங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில ஒண்ணு இருக்குமே, அதே மாதிரி. அதுல யாராவது டிக்கெட் போட்டு நீச்சலடிக்கப் போனா நீங்க அசோசியேஷன் கூட்டம் போட மாட்டீங்களா?

அந்த மலையோட வடசரிவுல பெய்யுற மழைதான் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதின்னு இறங்கி வருது. அதெல்லாம் சேர்ந்து சண்முகநதி, சண்முகநதி போய் அமராவதியில சேருது, அமராவதி காவிரியில. வரதமாநதி அணை எங்க ஊருக்குப் பக்கத்துல, கோடைக்கானல் ரோட்டை ஒட்டியே இருக்கு. மேல போற நீங்க எல்லாரும் வண்டியை ஓரங்கட்டி, போட்டோ எடுத்துட்டுப் போற அதே அணைதான். 66 அடி உயரம். பெரிய அணை கிடையாது, ஒரு நல்ல மழைக்கு நிரம்பிரும், அதே வேகத்துல வத்திரும். எங்க குளங்களுக்குத் தண்ணி அதுல இருந்து வரணும். குளம் நிறைஞ்சா கிணறு ஊறும். கிணறு ஊறினா கொய்யா பிழைக்கும். எங்க அய்யன் காலத்துல மழை நின்னு மூணு மாசம் ஆனாலும் ஆத்துல ஒரு கசிவு இருக்கும்பாங்க. நானே சின்ன வயசுல மாசி மாசம் ஆத்துல குளிச்சிருக்கேன். இப்ப மழை பெய்யும்போது வெள்ளம், மழை நின்னா மணல்.

காரணம் மேல இருக்கு. சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்ததுதான் அந்த மலையோட உச்சி. புல்லு மழையை வாங்கும், சோலை அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடும். அந்தப் புல்வெளியில பெரும்பகுதியைப் போன நூற்றாண்டுல வாட்டில், பைன், தைல மரம்னு நட்டு மூடிட்டாங்க. நீங்க கோடைக்கானல்ல போய் அண்ணாந்து போட்டோ எடுக்கிற பைன் காடு இருக்கே, அது காடு இல்லை. மனுசன் நட்ட தோப்பு. நாங்க தென்னை வச்ச மாதிரி அவங்க பைன் வச்சாங்க. அதுக்குள்ள போனா ஒரு பறவைச் சத்தம் கேட்காது. உங்களுக்கு அது அமைதியா தெரியுது.

வெள்ளி அருவின்னு ஒண்ணு இருக்கு, வத்தலக்குண்டு ரோட்டுல. எல்லாரும் இறங்கி நிப்பாங்க. அது கோடைக்கானல் ஏரி நிரம்பி வழியுற தண்ணி. ஏரியில என்னென்ன கலக்குதோ அத்தனையும் அருவியில விழும். தூரத்துல இருந்து பார்க்க வெள்ளிதான்.

சரி, ரோப்கார் வந்தா இதுக்கெல்லாம் என்னன்னு அக்கா மகன் கேட்டான். "கயிறு காத்துல போகுது மாமா. தரைக்கு என்ன ஆகும்? ரோட்டை அகலப்படுத்துறதை விட இது நல்லதுதானே? வண்டி குறையும், புகை குறையும்."

இதுல பாதி நியாயம் இருக்கு, மறுக்கலை. மலை ரோட்டை இன்னும் ரெண்டு மடங்கு அகலப்படுத்துறேன்னு வெட்டுனா, ஐப்பசி மழைக்குப் பாறையும் மண்ணும் சரிஞ்சு வர்றதை வருசா வருசம் பார்க்கிறோம். அதுக்குக் கயிறு தேவலை. கயிறு காத்துல போனாலும் தூண் காத்துல நிக்காது, அதுக்கு அஸ்திவாரம் தோண்டணும், அங்க சாமான் கொண்டுபோக வழி வேணும், கீழே மரம் வெட்டி இடம் விடணும். அது போறது 2013ல சரணாலயமா அறிவிச்ச காடு, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல. அந்தக் காட்டுல இடம் பத்தாமத்தான் யானை எங்க தோட்டத்துக்கு வருது. போன தையில ராத்திரி ஒண்ணு வந்து நாலு தென்னையைச் சாய்ச்சு, கொய்யா ஒரு வரிசையை மிதிச்சுட்டுப் போச்சு. அதோட போட்டி போட எனக்குத் தெம்பில்லை. இருந்தாலும் சொல்றேன், ரோட்டை அகலப்படுத்துறதா, கயிறு கட்டுறதான்னு ரெண்டே ரெண்டு கேள்விதான்னா நான் கயிற்றுக்குத்தான் கை தூக்குவேன்.

ஆனா ரோட்டுக்குப் பதிலா கயிறுன்னு எவனும் சொல்லலையே! ரோடும் இருக்கும், கயிறும் இருக்கும். அதுதானே திட்டம்.

இங்கதான் கணக்கு வருது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

கோடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போக 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்தது. ஐகோர்ட் போட்ட உத்தரவு. 2025 ஏப்ரல்ல சீசனுக்கு எண்ணிக்கையும் வச்சாங்க. கோடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டி. அரசுப் பேருந்துக்கும், உள்ளூர் வண்டிக்கும், விளைபொருள் ஏத்துற வண்டிக்கும் இந்தக் கட்டு கிடையாது. நல்ல உத்தரவு. மலை தாங்குமான்னு ஒருத்தராவது கேட்டாங்களே.

6,000 வண்டின்னா, வண்டிக்கு நாலு பேர்னு வச்சாலும் 24,000 தலை. ஆளுக்கு 100 லிட்டர் தண்ணின்னு வையுங்க. குளிக்க வெந்நீர், கக்கூஸ், துவைக்கிற படுக்கை விரிப்பு, சமையல் எல்லாம் சேர்த்து. ஒரு நாளைக்கு 24 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில 200 லாரி. அத்தனையும் மேல இருந்து எடுக்கிற தண்ணி. அந்த ஊருக்குக் குடிதண்ணி அப்சர்வேட்டரி பக்கத்து நீர்த்தேக்கத்துல இருந்தும் மனோரஞ்சிதம் அணையில இருந்தும்தான் வருது. அங்க இருக்கிற ஜனமே குடத்தை வச்சுக்கிட்டு நிக்கிற மாசம் உண்டு.

இப்ப ரோப்கார் வருதுன்னு வைங்க. மணிக்கு 500 பேர், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். 4,000 பேர். இவங்க வண்டியில வரலை. அதனால இ-பாஸ் கணக்குல இவங்க இல்லை. கோர்ட் எண்ணச் சொன்னது டயரைத்தான், வயித்தை இல்லை. 6,000 வண்டியும் ரோட்டுல போகும், 4,000 பேர் கயிற்றுலயும் போவாங்க. புகை குறையுமா? ஒரு வண்டியும் குறையாது. ஒரு வண்டி குறைஞ்சா அந்த இடத்துக்குப் பாஸ் கேட்டு இன்னொரு வண்டி வரிசையில நிக்குது.

நான் கேட்கிறது ரொம்பச் சின்ன விசயம். கயிறு 4,000 பேரை ஏத்துனா, அன்னைக்கு 1,000 வண்டிப் பாஸைக் கிழிங்க. இதைத் திட்டத்துலயே எழுதி வையுங்க. கயிறு 8,000 பேரை ஏத்துனா 2,000 பாஸ். இப்படியே போய் ஒரு நாள் சுற்றுலாக் காருக்கு மலை ரோட்டை மூடிருங்க. பஸ் போகட்டும், ஆம்புலன்ஸ் போகட்டும், பூம்பாறை, மன்னவனூர்ல இருந்து பூண்டும் கேரட்டும் ஏத்திக்கிட்டு லாரி வரட்டும். மலையில வீடு இருக்கிறவன் வண்டி போகட்டும். மத்தவங்க பழனியில காரை நிறுத்திட்டுக் கயிற்றுல வாங்க.

முடியாத காரியமா? மும்பைக்குப் பக்கத்துல மாத்தேரான்னு ஒரு மலை ஊர். அங்க கார் உள்ளே போக முடியாது, காரை ஊருக்கு வெளியில விட்டுட்டு நடந்தோ குதிரையிலயோ குட்டி ரயில்லயோ போகலாம். ஆளுங்க போய்க்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க எதுக்கெடுத்தாலும் சுவிட்சர்லாந்துன்னு சொல்வீங்களே, அங்க செர்மாட்ல பெட்ரோல் டீசல் காருக்கு அனுமதி கிடையாது. அஞ்சு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர்ல காரை நிறுத்திட்டு ரயில்ல வரணும். கேபிள் கார் மட்டும் சுவிட்சர்லாந்துல இருந்து வேணும், கார் நிறுத்துற சட்டம் வேண்டாமா?

இதை அப்படியே அக்கா மகன்கிட்ட சொன்னேன். "கார் இல்லாம மேல எப்படி மாமா சுத்துறது? குணா குகை, பில்லர் ராக்ஸ் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கு"ன்னான். இதுதான் பதில். நல்ல பையன், மரம் நடுற குழுவுல எல்லாம் இருக்கான். அவனுக்கே கார் வேணும். அப்புறம் புகை குறையும்னு எதுக்கு என்கிட்ட சொன்னே?

காத்து பத்தி ஒண்ணு. ஆடி மாசம் எங்க பக்கம் வந்திருக்கீங்களா? பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து வாழையை வேரோட சாய்க்கும். பழனி மலை 450 அடி உயரம். அந்த உயரத்துக்கே காத்து பலமா அடிச்சா ரோப்காரை நிறுத்திருவாங்க. சரிதான், நிறுத்தத்தான் வேணும். மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு, வருசத்துக்கு ஒரு தடவை மாசக் கணக்குல பராமரிப்பு. இதை 7,000 அடிக்கு நீட்டிப் பாருங்க, மஞ்சும் மழையும் சேர்த்து. கயிறு நின்ன அன்னைக்கு மேல போன ஆயிரக்கணக்கான பேரைக் கீழே இறக்க எது வேணும்? ரோடு வேணும். அப்ப ரோட்டையும் அகலப்படுத்தணும்னு அடுத்த திட்டம் வரும். 2022 ஏப்ரல்ல ஜார்க்கண்ட்ல திரிகூட மலை ரோப்வேயில ஜனங்க ஒரு நாளுக்கு மேல அந்தரத்துல தொங்குனதையும், ஹெலிகாப்டர்ல இறக்குனதையும் டிவியில பார்த்தோம். பயம் காட்டுறதுக்காகச் சொல்லலை. பஸ்ஸும்தான் உருளுது. கயிறு வந்தா ரோடு தேவையில்லைங்கிற பேச்சு நிக்காதுங்கிறதுக்காகச் சொல்றேன்.

அப்புறம், வழியில இருக்கிற ஊருங்க. இந்த ரோட்டுல சவரிக்காடு இருக்கு, வடகவுஞ்சி பிரிவு இருக்கு, பெருமாள்மலை இருக்கு. டீக்கடை, சோளக்கருது சுடுற அம்மா, பட்டர் புரூட்டும் பிளம்ஸும் கூடையில வச்சு விக்கிற பிள்ளைங்க. நீங்க வண்டியை நிறுத்துறதாலதான் அவங்க வீட்டுல அடுப்பு எரியுது. கயிற்றுக்கு ரெண்டே முனை. கீழே ஒரு டிக்கெட் கவுண்டர், மேல ஒரு டிக்கெட் கவுண்டர். நடுவுல இருக்கிறவங்க தலைக்கு மேல நீங்க போவீங்க. அண்ணாந்து பார்த்துக் கையசைக்கலாம்.

இந்த இடத்துல என் வாதமே என்னை இடிக்குதுன்னு எனக்குத் தெரியும். காரை நிறுத்துன்னா அந்த டீக்கடைக்கும் அடிதான். பஸ்ஸை அதிகம் விட்டு, அந்தப் பிரிவுல பத்து நிமிசம் நிறுத்தினா பாதியாவது பிழைக்கும்னு நெனைக்கிறேன். முழு நஷ்டஈடு என்கிட்ட இல்லை. கயிறு கட்டுறவங்ககிட்ட அந்தக் கேள்வியே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

மலைக்குக் கயிறு புதுசும் இல்லை. மூணார் போறவங்க டாப் ஸ்டேஷன் போகாம வரமாட்டீங்க. அங்க என்ன ஸ்டேஷன், ரயிலே இல்லையேன்னு கேட்டிருக்கீங்களா? நூறு வருசத்துக்கு முன்னால அங்க இருந்து நம்ம போடி பக்கம் கொட்டகுடிக்குக் கயிறு கட்டி, தேயிலைப் பெட்டியை இறக்குனாங்க. மேல இருந்தது டாப் ஸ்டேஷன், நடுவுல சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். மூணார்ல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு குட்டி ரயிலும் ஓடுச்சு, 1924 வெள்ளத்துல போயிருச்சு. கயிறும் இப்ப இல்லை. குரங்கணிக்கு மேல சென்ட்ரல்னு பேர் மட்டும் நிக்குது. வெள்ளைக்காரன் லாபத்துக்குச் செஞ்சதுதான், சந்தேகமில்லை. ஆனா அவனுக்கு மலையில விளையுற பொருளைக் கீழே கொண்டுவரக் கயிறு வேணும்னு தோணுச்சு. நமக்கு மலையைப் பார்க்கப் போறதுக்கு மட்டும்தான் தோணுது.

வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவின்னு ஒரு ஊர் இருக்கு. கோடைக்கானலுக்கு முந்தின ஊர். பல வருசமா ரோடு கேட்டுக்கிட்டே இருந்த ஊர். பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடிச்சாலும் டோலி கட்டித் தூக்கிக்கிட்டு மலை ஏறுற படம் பேப்பர்ல எத்தனை தடவை வந்திருக்கு. பழைய காலத்துல வெள்ளைக்காரத் துரைகளையும் அம்மணிகளையும் இதே மாதிரி டோலியிலதான் கோடைக்கானலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, ரோடு போடுற வரைக்கும். துரைகளுக்கு டோலி போய் காரு வந்து, இப்ப காரும் அலுத்துப்போய் ரோப்கார் வரப்போகுது. தூக்குனவங்க ஊர்ல பல வருசம் டோலிதான். கயிறு கட்டுற காசும் புத்தியும் இருந்தா முதல் கயிற்றை அங்க கட்டுங்க. நோயாளி இறங்க ஒரு பெட்டி, அவரையும் காப்பியும் இறக்க ஒரு பெட்டி. நான் வந்து பந்தல் போட்டுத் தர்றேன்.

இவ்வளவும் பேசி முடிக்கும்போது பஞ்சாமிர்த டப்பா காலி. அந்தப் பஞ்சாமிர்தத்துல போடுற விருப்பாச்சி மலைவாழையும் அந்த மலையில விளையுறதுதான், மேல ஈரம் இருந்தா வரும். அக்கா மகன் பதில் சொல்லலை. கோபம் இல்லை, யோசிச்சான்னு நெனைக்கிறேன். இல்லை, மாமன்கூட எதுக்கு வம்புன்னு விட்டுட்டானோ என்னமோ.

அவன் சம்சாரம்தான் மெதுவா கேட்டுச்சு: "அப்ப எங்களை மாதிரி ஆளுங்க மலைக்கே வரக்கூடாதுங்கறீங்களா?"

இதைக் கேட்டப்ப எனக்குச் சட்டுன்னு பேச்சு வரலை. நியாயமான கேள்வி. சென்னையில ரெண்டு ரூம் வீட்டுல, ஏசி சத்தத்துல, வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்க்கிற பிள்ளைக்கு வருசத்துல ரெண்டு நாள் குளிர் காத்து வேணும்னு தோணுறது தப்பில்லை. மலை எனக்கு மட்டும் பட்டா போட்டதும் இல்லை. வாங்கன்னுதான் சொன்னேன். எங்க தோட்டத்துக்கு வர்ற பிள்ளைங்களைக் கொய்யா பறிக்காதேன்னு நான் சொன்னதில்லை. கிளையை ஒடிக்காம பறிங்க, எத்தனை பேர் வந்திருக்கீங்கன்னு வாசல்ல சொல்லிட்டு வாங்கன்னுதான் சொல்லுவேன். எண்ணிக்கை தெரிஞ்சாத்தான் சந்தைக்கு எத்தனை பெட்டி மிஞ்சும்னு எனக்குத் தெரியும். மலைக்கும் அதேதான் கேட்கிறேன். காருல வந்தாலும் கயிற்றுல வந்தாலும் தலையை எண்ணுங்க. எண்ணிக்கை முடிஞ்சா அன்னைக்குக் கதவைச் சாத்துங்க.

இறங்கும்போது அம்மா கண்ணை மூடலை. தெற்கே மலையையே பார்த்துக்கிட்டு வந்துச்சு. "மேகம் இறங்குதுடா, மேல நாளைக்கு மழை"ன்னுச்சு. அடிவாரத்துல அதுங்க ரெண்டும் காரெடுத்துக் கோடைக்கானல் கிளம்புச்சுங்க, இ-பாஸ் போன்லயே எடுத்து வச்சிருந்தான். வரதமாநதிகிட்ட நிறுத்தி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். போட்டோவுல அவங்க ரெண்டு பேரும் இருந்தாங்க, நான் அவங்க பின்னால மதகைத்தான் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு தண்ணி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காலண்டரை எடுத்துட்டு வந்துருச்சு. அடுத்த கிருத்திகை என்னைக்குன்னு பார்க்கச் சொல்லுச்சு. ரோப்கார் மாசப் பராமரிப்பு எந்த நாள்ல வரும்னு தெரியலையே, விசாரிச்சுட்டுப் போகலாம்னேன்.

"அது இல்லாட்டி வின்ச் இருக்குல்ல"ன்னுச்சு.